சாட்சி பதில் சொல்லவில்லை

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றாடம் வருபவை.
2. அவற்றுக்கு நான் எழுத நினைத்த பதில்கள்.
3. எழுதாமல் விட்டதற்கான காரணம், ஒளிக்காமல்.
4. அனுப்பாத சொல் யாரையும் தொடுவதில்லை. ஆகவே அதற்கு நான் பொறுப்பில்லை. (இது தலைப்பு அல்ல, கொள்கை. என்றாலும் இங்கேயே இருக்கட்டும்.)
5. காலை, மாலை இரத்த அழுத்தம்.

முப்பத்துநான்கு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தேன். எதை எழுதத் தொடங்கினாலும் எண் போட்டுக்கொள்வது அங்கே வந்த பழக்கம். டாக்டர், போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க, எழுதிடுங்க" என்றும் சொன்னார். குழுவில் எழுதச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

வலப்பக்கம் சாதாரண எழுத்து. இடப்பக்கம் சுருக்கெழுத்து. இடப்பக்கத்தை இந்த வீட்டில் யாராலும் படிக்க முடியாது. உறையூரிலேயே இப்போது எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை.

காலை 150/90. மாலை 146/88.

ஜூலை 4, செவ்வாய்

குழுவில் 1-டி வீட்டுக்காரர் ஒரு கட்டுரையைப் போட்டிருந்தார். "இவர்கள்" ஐந்து ஐந்தாகப் பெற்றுத்தள்ளுவதால் நாடு என்ன ஆகும் என்று. ஒன்பது பேர் கைதட்டும் படம் வைத்தார்கள். எனக்கு ஒரே மகள், அவளுக்கு ஒரே மகன் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. காரணம்: 1-டி கெட்டவர் இல்லை. போன வருடம் என் மனைவி ஜைத்தூனுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது காரை எடுத்தவர் அவர்தான். அவரைச் சங்கடப்படுத்தவேண்டாம். (இது முழுக் காரணமா என்று எனக்கே சந்தேகம்.)

குழுவில் எழுதுவதற்காக நான் வைத்திருக்கும் மாற்றுச் சொற்களை ஒரு முறை எழுதிவைக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வருமிடத்தில் "நலம்". மாஷா அல்லாஹ் என்பதற்குக் கட்டைவிரல் படம். இன்ஷா அல்லாஹ் என்பதற்கு "பார்ப்போம்". பக்ரீத் "வீட்டு விசேஷம்". இப்போது நேர்ப்பேச்சிலும் இவையே வருகின்றன. போனவாரம் சம்பந்தி சலாம் சொன்னதற்கு "வணக்கம், நலம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

போனில் என் பெயரை "என். ஷா" என்று மாற்றியதும் போன வருடம்தான். நத்தர்ஷா என்று முழுதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று ஜைத்தூன் கேட்டாள். எழுத்து நீளம் என்றேன். புதிதாக வந்த 3-சி லிப்டில் என்னிடம், "சார் குஜராத்தா? இங்க டோக்ளா எங்க நல்லாருக்கும்?" என்று கேட்டார். உறையூரில் தெரியவில்லை என்றேன். அதுகூடப் பொய் இல்லை. ஜைத்தூன் இரண்டு நாள் என்னைச் "சேட்டு" என்று கூப்பிட்டாள். "சேட்டு, சோறு ஆறுது." வெள்ளிக்கிழமை தொப்பியோடு என்னைப் பார்த்தபிறகு 3-சி குட்மார்னிங் மட்டும் சொல்கிறார்.

காலை 148/90. மாலை மறந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் சிவப்பு விளக்கு. வழக்கமாக அதைப் பார்க்கும் அசனலிக்குப் போன் செய்தேன். நாளை வருகிறார். குழுவில் ஒன்றும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

ஜைத்தூன் பாலக்கரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அசனலி பன்னிரண்டு மணிக்கு வந்து ஃபில்டர் மாற்றினார். ஒன்றேகாலுக்குப் போய்விட்டார். செயலாளர் ஸ்ரீதரன் ஒன்று பத்துக்கு வந்து, லிப்ட் பராமரிப்புக்கான தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

மாலை ஜைத்தூன், "நீல மூடி பாட்டில் எங்க?" என்றாள். தெரியாது என்றேன்.

காலை 144/86. மாலை 156/94.

ஜூலை 8, சனி

காலை பத்து மணிக்கு ஸ்ரீதரன் குழுவில் ஒரு காணொளி போட்டார். மோட்டார் திருடு போனபிறகு மொட்டைமாடியில் வைத்த கேமராவில் பதிவானது. பதினொரு விநாடி. ஒலி இல்லை. ஒரு ஆள் தண்ணீர்த் தொட்டியின் அருகே நிற்கிறார். கையில் பாட்டில். இடமும் வலமும் பார்க்கிறார். போனை எடுத்து உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றுகிறார். குனிந்து பாட்டிலைச் சாய்க்கிறார். பிறகு தொட்டிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்.

கீழே வந்தவற்றில் சில:

"இது அந்த ஃபில்டர் பாய்தானே?"
"எதையோ கலக்குறான். க்ளியரா தெரியுது."
"போட்டோ வேற எடுக்குறான். யாருக்கு அனுப்பவோ."
"என் பொண்ணுக்கு ரெண்டு நாளா வயித்துவலி!!!"
"போலீசுக்குப் போங்க. அதுக்கு முன்னாடி எல்லா குரூப்லயும் போடுங்க."

தலைக்கு மேலே இருக்கும் தண்ணீர். பயம் வரத்தான் செய்யும். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

பத்து பத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பத்து ஐம்பதுவரை ஏழு வரைவுகள். ஒவ்வொன்றையும் அழிக்குமுன் இடப்பக்கத்தில் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்தேன். முதல் வரைவு ஆறு வரி. மூன்றாவது மூன்று வரி. ஆறாவதில் யார் பெயரும் இல்லை. ஏழாவதில் வினைச்சொல்கூட இல்லை. ஏழையும் அழித்தேன். கடைசியில் பொதுவாக ஒரு வரி போட்டேன். அதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

பதினான்கு பேர் கட்டைவிரல் வைத்தார்கள். குழுவில் எனக்கு இதுவரை அதிகபட்சம் மூன்று.

காலை 160/98. மாலை 162/96.

ஜூலை 9, ஞாயிறு

தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார்கள். இருபத்துநான்கு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. ஜைத்தூன் ஊறவைத்த துணியைப் பக்கெட்டோடு பால்கனிக்கும் குளியலறைக்கும் மாற்றிமாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அசனலி தம்பி அன்னைக்கு வந்தது லுஹர் நேரமாச்சே. நேரம் தவறமாட்டாரே. எங்க தொழுதாரு?"

"பள்ளிக்குப் போயிருப்பார்."

"பன்னண்டுலேருந்து ஒன்னேகால் வரைக்கும் இங்க இருந்தாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்ப போய்த் தொழுதிருப்பார், ஜைத்தூன். அவர் எங்கே தொழுதார்னு நானா பின்னாடியே போய்ப் பார்ப்பேன்?"

குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தும் சாட்சியை வழக்கறிஞர்கள் விடமாட்டார்கள். ஜைத்தூன் விட்டுவிட்டாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள், அலசத் தண்ணீர் இல்லாமலே.

ஜூலை 10, திங்கள்

அசனலி மூன்று முறை போன் செய்தார். குளித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முறையும் இல்லை.

ஜூலை 11, செவ்வாய்

காலை வாட்ச்மேன் இன்டர்காமில், "சார், ஃபில்டர் பாய் வந்து நிக்கிறாப்ல. உள்ள விடக்கூடாதுன்னு செக்ரட்டரி ஆர்டர். நீங்க கொஞ்சம் கீழ வாங்க" என்றார். போனேன். வாசலில் நின்றால் எல்லா பால்கனியும் பார்க்கும் என்பதால், மின்மீட்டர் அறையின் பின்பக்கம் வரச்சொன்னேன்.

அசனலிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது கையிலிருக்கும் ஸ்பேனரை ஆட்டிக்கொண்டே இருப்பார். இன்று கை சும்மா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார்.

"மாமா, வாட்ச்மேன் அண்ணன் போன்ல காமிச்சாரு. நீங்க குரூப்ல போட்டத. 'தண்ணீர் விஷயத்தில் அனைவரும் கவனமாக இருப்பது நல்லது'ன்னு. நான் சொன்னேன், இது மாமா எழுதுனதா இருக்காது, யாரோ போன எடுத்துட்டாங்கன்னு."

நான் மேலே பால்கனி ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன்.

"நீங்கதானா?"

"பொதுவாகத்தான் போட்டேன் அசனலி. உங்களைச் சொல்லலை."

"பொதுவாத்தான் இருக்கு. ஆனா அதக் காமிச்சுத்தான் பேசுறாங்க. 'பாய் வீட்டு சாரே சொல்லிட்டாரு பாருங்க'ன்னு. பக்கத்து ரெண்டு அப்பார்ட்மென்ட்லயும் வராதன்னுட்டாங்க மாமா."

"செயலாளர்கிட்ட நீங்க விளக்கிச் சொன்னீங்களா?"

"காலு கழுவுனேன்னு சொன்னேன். யாரு உன்னைய மேல போகச் சொன்னதுன்னு கேட்டாரு. நானாத்தான் போனேன்னுட்டேன்."

"ஏன்?"

"நீங்க பயப்படுவீங்கல்ல."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பு ஆகாது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்காம். போலீஸ்ல எழுதிக் குடுக்கறதா வேணாமான்னு பேசப்போறாங்களாம். நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான்தான் மேல அனுப்புனேன், பாட்டிலு எங்க வீட்டு பாட்டிலுன்னு. அது போதும்."

"பார்ப்போம்."

"இன்ஷா அல்லாஹ்னு சொல்லுங்க மாமா. பார்ப்போம்னா வரமாட்டேன்னு அர்த்தம்."

மேலே ஏதோ ஒரு பால்கனியில் துணி உதறும் சத்தம் கேட்டது. நான் தலையை ஆட்டிவிட்டு லிப்டுக்குப் போனேன். பாட்டிலை அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கழுவித் துடைத்திருந்தது. நீல மூடி.

ஜூலை 12, புதன்

இடப்பக்கத்தில் இருப்பதை விரித்து எழுதுகிறேன். முதல் பக்கத்தில் மூன்றாவதாக "ஒளிக்காமல்" என்று எழுதியிருக்கிறேன்.

முதல் வரைவு: "காணொளியில் இருப்பவர் அசனலி. ஆறாம் தேதி என் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். லுஹர் தொழுகைக்கு இடம் கேட்டார். மாடிக்குப் போகச் சொன்னது நான். பாட்டிலில் இருந்தது எங்கள் வீட்டுக் குடிநீர். தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது எங்கள் வழக்கம்."

ஆறு வரி. எல்லாம் உண்மை. ஆனால் நான்காவது வரி ஏன் நடந்தது என்பது வரைவில் இல்லை. அதை இங்கே எழுதவேண்டும்.

அசனலி ஃபில்டரை மாட்டி முடித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. "மாமா, ஒரு ஓரமா லுஹர் தொழுதுக்கவா? முசல்லா இருந்தா குடுங்க" என்றார். தொழுகைப் பாயை எடுத்தேன். அப்போது ஸ்ரீதரன் போனில், "பத்து நிமிஷத்துல வர்றேன் சார், வீட்டுலதான இருக்கீங்க?" என்றார். எங்கள் வாசலில் நின்றால் ஹால் முழுவதும் தெரியும். படுக்கையறை இருக்கிறது. ஆனால் அதன் கதவைச் சாத்தினால் உள்ளே யார் என்று கேட்பார். திறந்துவைத்தால் தெரியும். நான் தொழுவது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் என் வீட்டில் வேறொரு ஆள், தாடியோடு, பகல் நேரத்தில், முசல்லா விரித்து. இரண்டு பேர் என்றால் அது கூட்டம் என்று எனக்கு ஏனோ தோன்றியது. குழுவில் போன மாதம் வேறு ஊரின் அடுக்ககம் ஒன்றைப்பற்றி வந்த செய்தி நினைவுக்கு வந்தது. வீட்டில் கூட்டுத் தொழுகை என்று. அது உண்மையா என்றுகூட எனக்குத் தெரியாது.

"மாடியில காத்து நல்லாருக்கும், அங்கே தொழுதுக்கங்களேன்" என்றேன். ஜூலை மாதம், மதியம் ஒரு மணி. திருச்சி வெயில். காத்து.

"ஒளு செய்யணுமே மாமா."

கை கால் கழுவக் குளியலறையைக் காட்டியிருக்கலாம். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் போய்விட்டது என்று பதறி, மேசையில் இருந்த பாட்டிலைக் கொடுத்தேன். முசல்லாவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். செய்தித்தாளில் சுற்றியதை எழுதத் தயங்கினேன். எழுதிவிட்டேன்.

காணொளியில் அவர் இடமும் வலமும் பார்ப்பது மேற்கைத் தேடி. உச்சி வெயிலில் சூரியனை வைத்துத் திசை சொல்ல முடியாது. போனைச் சுற்றுவது அதிலுள்ள திசைகாட்டிக்காக. தொட்டிக்குப் பின்னால் மறைவது அங்கே மட்டும்தான் நிழல் என்பதால். பதினொரு விநாடியில் ஒவ்வொரு விநாடிக்கும் எனக்கு விளக்கம் தெரியும். இருபத்துநான்கு வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

காலை 158/96. மாலை 164/98.

ஜூலை 14, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை. அசனலி இரண்டாவது வரிசையில். நான் கடைசி வரிசையில். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுத்ததும் முதல் ஆளாக எழுந்து செருப்பைத் தேடினேன். அவசரத்தில் வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு எண் பெரியது. நாளை கொண்டுபோய் வைக்கவேண்டும்.

ஜூலை 15, சனி

செருப்பை வைத்துவிட்டு வந்தேன். என்னுடையது அங்கே இல்லை.

ஞாயிறு கூட்டத்தில் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு வாக்கியம். கண்ணாடி முன்னால் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஜைத்தூன் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "யாருக்கிட்ட பேசுறீங்க?" என்றாள். தொண்டை சரியில்லை, சரிபார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். ஸ்ரீதரன் என்னைப் பார்த்ததும், "சார், நீங்க கோர்ட்ல எழுதுனவரு. மினிட்ஸ் நீங்களே எழுதிடுங்க. உங்க கையெழுத்துக்கு ஈடு உண்டா?" என்றார். நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துவிட்டார். எழுதுகிறவன் பேசவேண்டியதில்லை. அந்த நொடியில் எனக்கு வந்த நிம்மதியை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் எதிர்வீட்டு 2-ஏ தமயந்தி டீச்சர் எழுந்தார். வேதியியல் ஆசிரியை. தொட்டியைத் திறந்துவிடுமுன்னே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்ற அறிக்கையைப் படித்துக்காட்டினார்.

"அப்ப ஒன்னும் கலக்கல. சரி. ஆனா எதுக்கு மேல போனான்?" என்றார் 1-டி.

"போலீசெல்லாம் வேண்டாங்க" என்றார் ஸ்ரீதரன். "நமக்கும் அலைச்சல். இனிமே அந்த ஆள் நம்ம காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது, அவ்வளவுதான். இதுல மதமெல்லாம் ஒன்னும் இல்ல. நம்ம ஷா சாரே குரூப்ல சொன்னாரு, கவனமா இருக்கணும்னு. என்ன சார்?"

பதினெட்டு முகமும் திரும்பியது. நான்கு வாக்கியமும் சட்டைப்பையில் இருந்தது.

தமயந்தி டீச்சர், "சார், நீங்க ஏதோ சொல்லணும்னு இருந்தீங்க இல்லையா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் அசைவு.

எங்கள் நீதிபதி ஒருவர் சாட்சிகளை அதட்டுவார்: "தலைய ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க. அவர் எழுதணும்ல?" அவர் என்று என்னைக் காட்டுவார். அப்படியும் வாய் திறக்காத சாட்சிக்கு நான் எழுதிய வரி ஒன்றுதான்: சாட்சி பதில் சொல்லவில்லை.

இன்று அதை எழுதவில்லை. "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்தது.

ஜூலை 17, திங்கள்

பக்ரீதுக்குக் கொடுத்த பிரியாணி டப்பாவைத் திருப்பிக்கொடுக்கத் தமயந்தி டீச்சர் வந்தார். டப்பா நிறைய முறுக்கு. ஜைத்தூன் உட்காரச் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"சார், ஒன்னு கேக்கலாமா? அன்னைக்கு நாப்பது நிமிஷம் என்ன டைப் பண்ணீங்க?"

"நான் எப்போ?"

"வீடியோ வந்த அன்னைக்கு. குரூப்ல மேல 'என். ஷா டைப்பிங்'னு வந்துட்டே இருந்துச்சே. நிக்கும், மறுபடி வரும். நிக்கும், மறுபடி வரும்."

அந்தப் பச்சை எழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். யார் யார் பெயரோ ஓடும். சின்ன எழுத்து, கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது. ஏதோ விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

"அது எல்லாருக்கும் தெரியுமா?"

"குரூப்ப திறந்து வெச்சிருக்க எல்லாருக்கும் தெரியும் சார். அன்னைக்கு எல்லாரும் திறந்துதான் வெச்சிருந்தோம். 3-சி எனக்குத் தனியா மெசேஜ் போட்டாரு. 'ஷா சார் பெருசா ஏதோ எழுதுறாரு, வெயிட் பண்ணுவோம்'னு. வந்தது அந்த ஒரு வரி."

ஜைத்தூன் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வரி தெரியாது. நான் சொல்லவில்லை.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஃபில்டர் மாத்துன அன்னைக்கு நான் லீவு. என் கதவு திறந்துதான் இருந்துச்சு. நீங்க அவர்கிட்ட பாட்டில் குடுத்தத, மாடியில காத்து நல்லாருக்கும்னு சொன்னத, எல்லாம் கேட்டேன். வீடியோ வந்ததும் நானே எழுதிட்டேன் சார், அஞ்சு வரி. அனுப்பப் போறப்ப உங்க பேரு மேல ஓடுச்சு. சரி, அவர் வீட்டு விஷயம், அவரே சொல்றதுதான் முறைன்னு நிறுத்துனேன். நீங்க அப்படிப் போட்டதும், நான் என்ன சொன்னாலும் உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு அழிச்சிட்டேன். கூட்டத்துலயும் அதான். உங்களக் கேட்டேன். நீங்க தலைய ஆட்டுனீங்க."

"என்னால..." என்று ஆரம்பித்தேன்.

"உங்கள மட்டும் சொல்லல சார். நானும்தான்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியபிறகு ஜைத்தூன் முறுக்கைத் தூக்குக்கு மாற்றினாள். டப்பாவைக் கழுவினாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"மூணு ரூம் இருக்கு இந்த வீட்டுல. ஒரு பாய்க்கு ஒரு பாய் விரிக்க எடமில்லாம போச்சா?"

அவளுக்குச் சிலேடை தானாக வரும். இருவரும் சிரிக்கவில்லை.

அளவு எடுக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

ஜைத்தூன் அசனலியின் மனைவிக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள், நான் கேட்கவேண்டும் என்று. காணொளி ஊரிலுள்ள எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. அசனலியின் போன் நம்பரையும் யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்கள் யாரும் கூப்பிடுவதில்லை. தெரியாதவர்கள்தான் கூப்பிடுகிறார்கள், திட்டுவதற்கு. நாளைக் காலை மணப்பாறைக்கு, அந்தப் பெண்ணின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள்.

"எத்தன நாளைக்குமா?" என்றாள் ஜைத்தூன்.

"தெரியல மாமி. எல்லாம் அடங்குற வரைக்கும்."

"மாமா பேசணும்ங்கிறாரு, குடுக்கவா?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. போனை நீட்டினாள். கையை விரித்து வேண்டாம் என்று காட்டினேன். அந்தப்பக்கம் அந்தப் பெண், "பரவால்ல மாமி. மாமா பாவம், அவருக்கு பிரஷர் இருக்குன்னு இவுக சொன்னாக" என்றது.

ஜூலை 19, புதன்

மினிட்ஸைச் சுத்தப்படி எடுத்துத் தரவேண்டிய நாள். எடுத்தேன். "ஏகமனதாக" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்: "2-பி உறுப்பினர் நத்தர்ஷா, இதுபற்றிக் கேட்கப்பட்டபோது பதில் சொல்லவில்லை." பிறகு "ஏகமனதாக" என்பதைக் கோடிட்டு அடித்தேன்.

பத்து மணிக்கு ஜைத்தூன் எதிரே அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தேன். இடப்பக்கத்தைப் பார்த்து, முதல் வரைவை அப்படியே தட்டத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் விரல் நின்றது. நின்றதும் இருபத்துநான்கு வீட்டிலும் தெரியும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் என்னை மேலே தட்டவைத்தது. தைரியம் என்று இதைச் சொல்லமுடியாது. ஜைத்தூன் எதிரே இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. ஆறு வரிக்குப்பின் இரண்டு சேர்த்தேன்: "வீட்டில் தொழ இடம் இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து அவரை மேலே அனுப்பினேன். எட்டாம் தேதி நான் போட்ட வரி தவறு."

பார்த்தால் மூன்று. எண்ணிக்கையில்கூடப் பிசகு.

பத்து முப்பத்தொன்றுக்கு அனுப்பினேன். பத்து முப்பத்துமூன்றுக்குத் தமயந்தி டீச்சர்: "சார் சொல்வது உண்மை. நானும் கேட்டேன், பார்த்தேன்." அதன்பிறகு யாரும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். பச்சை எழுத்தில் "ஸ்ரீதரன் டைப்பிங்" என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

பதினொரு மணிக்கு 1-டி எழுதினார்: "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

நியாயமான கேள்வி. "ஆம்" என்று பதில் போட்டேன். குழுவில் நான் யோசிக்காமல் போட்ட முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அசனலிக்குப் போன் செய்தேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். மூன்றாவது முறையும்.

"பஸ்ல இருப்பாரு, சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் ஜைத்தூன்.

இருக்கலாம். நானும் குளித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் முதலில் எழுதினேன்.

முதல் பக்கத்துக்குப் போனேன். அங்கே நான்காவதாக எழுதியிருப்பது தவறு. அனுப்பாத என் சொல் நாற்பது நிமிடம் இருபத்துநான்கு வீட்டில் ஓடியது. அனுப்பவிருந்த ஒருவரை நிறுத்தியது. ஒரு குடும்பத்தை மணப்பாறைக்கு அனுப்பியது. பதிவேட்டில் தவறை அழித்துவிட்டு மேலே எழுதக்கூடாது. பழைய எழுத்து படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து இடவேண்டும். அப்படியே செய்தேன். பழக்கத்தில் "என். ஷா" என்று போட்டுவிட்டேன். அதையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே முழுப்பெயரை எழுதினேன்.